செக்ரோலில் இல்லாத இருமல்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை ஏழரை மணி போல மீரியபெத்தவில் மலை சரிந்தது. கொஸ்லந்தைக்கு மேலே, அம்பிட்டிகந்தை தோட்டத்தின் ஒரு டிவிசன் அது. லயங்கள் மண்ணுக்குள் போயின. இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்த கதையை நாம எல்லாரும் பேசித் தீர்த்தாச்சு. அதே நாளில் நடந்த இன்னொரு விசயத்தை அவ்வளவாகப் பேசவில்லை. உள்ளே எத்தனை பேர் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. முதல் செய்திகளில் நூற்றுக்கணக்கானோர் என்றார்கள். நாள் போகப்போக எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்தது, கடைசியில் பல மடங்கு குறைந்தது. தோட்டத்தில் யார் வேலை செய்கிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு எப்போதும் உண்டு. யார் வாழ்கிறார்கள் என்று கேட்டால் தடுமாற்றம்தான்.

ஏழரை மணி என்றால் யோசிச்சுப் பாருங்க. பெரட்டு முடிஞ்சு ஆளுங்க மலைக்குப் போயிருப்பாங்க. பிள்ளைங்க பள்ளிக்கூடம் கிளம்பியிருப்பாங்க. எந்தத் தோட்டத்திலும் அந்த நேரத்தில் காம்பராவில் மிஞ்சுவது கைக்குழந்தையும் கிழவன் கிழவியும்தான். செக்ரோலில் பேர் இல்லாதவர்கள்.

இந்தக் கட்டுரை மண்சரிவைப் பற்றியது இல்லை. அந்த செக்ரோலைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அதில் பேர் வெட்டப்பட்ட ஒருவருக்கு இருமல் வந்தால், அது காசநோய் என்று கண்டுபிடிக்க ஏன் மாதக்கணக்கு ஆகிறது என்பதைப் பற்றியது. வழக்கமாக இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: 'தோட்டத்துச் சனத்துக்கு விழிப்புணர்வு இல்லை.' எனக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை. காரணத்தைத் தேடிப் போனால் 150 வருசம் பின்னால் போக வேண்டியிருக்கு.

மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த பாதையை மலையகம் 200 நினைவாக 2023இல் நம்ம ஆட்கள் தலைமன்னாரிலிருந்து மறுபடி நடந்து காட்டினாங்க. அந்தப் பாதையில் விழுந்து செத்தவர்களைக் கொன்றது பெரும்பாலும் வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் பசியும். கோப்பிக்கு ஆள் வேண்டும், வருகிற ஆள் வழியிலேயே செத்துப்போகிறான், செத்தவன் மூலம் தோட்டத்துக்கும் நோய் வருகிறது. இந்தக் கவலையில் இருந்துதான் 1872இல் முதல் மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாகப் பிரித்து, ஆஸ்பத்திரியும் மருந்தகமும் வைத்து, செலவைத் துரைமார் தலையிலும் போட்டார்கள். துரைமார் அப்போதே முணுமுணுத்தார்கள். பிறகு மண்டபம் முகாம் வந்தது. இராமேஸ்வரத்துக்கு இந்தப் பக்கம் ஆளைச் சில நாள் அடைத்து வைத்து, அம்மை குத்தி, புகை போட்டு, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கப்பல் ஏற்றுவார்கள்.

கவனிங்க, அந்தச் சில நாளில் வெளியே தெரியக்கூடிய நோய் எது? வாந்திபேதி தெரியும். அம்மை தெரியும். காசநோய் தெரியாது. நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்த கிருமி வருசக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். றொபர்ட் கொக் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததை 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தபோது, இங்கே கோப்பியைப் பூஞ்சை தின்று முடித்துத் தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. கிருமி தெரிந்த பிறகும் தோட்ட மருத்துவம் அதைத் தேடிப் போகிற மாதிரி அமையவில்லை.

1912இல் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். லயத்தைச் சுத்தமாக வைக்க வேண்டும், நோய் வந்தால் வைத்திய அதிகாரிக்குச் சொல்ல வேண்டும், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சரியான ஆகாரம் கிடைக்க வேண்டும், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் சாப்பாடும் இருப்பிடமும் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் துரைக்குக் கடமைகள் வந்தன. நல்ல சட்டம்தான், அந்தக் காலத்துக்கு. ஆனால் அதில் வரும் மனிதர்களைப் பாருங்க: தொழிலாளி, தாய், சிசு. இன்று வேலை செய்கிறவர், நாளைக்கு வேலை செய்யப் போகிறவரைப் பெறுகிறவர், நாளைக்கு வேலை செய்யப் போகிறவர். வேலை செய்து முடித்தவருக்கு ஒரு வரி இல்லை.

1916இல் ரொக்பெல்லர் நிறுவனம் கொக்கிப் புழு ஒழிப்பைத் தோட்டங்களில் தொடங்கியதும் இதே கணக்குத்தான். புழு இரத்தத்தைக் குடிக்கும், ஆள் சோர்ந்து போவான், 'சோம்பேறி' என்று கங்காணி அடிப்பான். மருந்து கொடுத்தால் ஆள் கொஞ்ச நாளில் தேறிவிடுவான், கொழுந்து கூடும். துரைக்குப் புரிகிற வைத்தியம். காசநோய்க்கு அப்போது மருந்தே இல்லை. இருமுகிறவனை ஊருக்கு அனுப்பிவிடுவது மலிவு.

அந்தக் காலத்தில் முதுமை என்பதே தோட்டத்தின் பிரச்சினையாக நினைக்கப்படவில்லை. வயதானால் ஊருக்குப் போய்விடுவார்கள் என்பது எண்ணம். திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கம் எங்கோ ஒரு ஊர், அங்கே யாரோ பார்த்துக்கொள்வார்கள். எத்தனை பேருக்கு அப்படி ஒரு ஊர் மிச்சம் இருந்தது என்பது வேறு விசயம். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. அதற்குப் பிறகு இங்கே தங்கியவர்கள் இங்கேதான் கிழடாவார்கள் என்பது முடிவான விசயம். தோட்ட டிஸ்பென்சரி மட்டும் அதைக் கவனிக்கவில்லை.

அறுபதாம் வயதில் என்ன நடக்கிறது? சேமலாப நிதி கிடைக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த காசு. ஒரு மகள் கல்யாணம், ஒரு கடன், கூரைத் தகரம், அதோடு முடிஞ்சுது. மாதாமாதம் வரும் பென்சன் கிடையாது. பேர் போடுறது நிற்கிறது. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், பாதி வேலைக்கு அரைப் பேர் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்ட மனுசனுக்கு இனிப் பேரே இல்லை. கொழுந்து குறைந்தால்தான் கணக்கப்பிள்ளை 'ஏன் இவ ரெண்டு கிழமையா வரல்ல?' என்று கேட்பார். இல்லாத பேர் வராமல் போனால் யார் கேட்கிறது? வேலைக்காரரின் நோயை வேலைக்கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். ஓய்வு பெற்றவரின் நோயைக் காட்ட அப்படி ஒரு மணி அடிக்காது.

இனி நோய்க்கு வருவோம். காசநோய்க் கிருமி உள்ளே போன எல்லாருக்கும் நோய் வராது. உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரின் உடம்பில் அது போயிருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது நோயாகும். மிச்சப் பேரிடம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதைச் சுவர் கட்டி அடைத்து வைத்திருக்கும். வயதாகும்போது சுவர் இளகும். சீனி வருத்தம் இருந்தால் நோயாவதற்கான வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடும். சாப்பாடு குறைந்தாலும், புகையிலை, சாராயம் இருந்தாலும் கூடும்.

இதில் எனக்கு உறைக்கிற விசயம் ஒன்று இருக்கு. இன்றைக்கு எழுபது வயதில் இருமுகிற ஒருவருக்கு அந்தக் கிருமி நேற்று வந்ததாகவும் இருக்கலாம், ஐம்பது வருசத்துக்கு முன்னாடி வந்ததாகவும் இருக்கலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம், பின்பக்கச் சன்னல் கிடையாது, உள்ளேயே விறகடுப்பு, ஒரே பாயில் ஐந்தாறு பேர். காற்றில் பரவும் கிருமிக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? 1973, 74இல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது தோட்டங்களில் பட்டினியால் செத்தார்கள். தோட்டங்களைத் தேசியமயமாக்கிய அதே ஆண்டுகள். தப்பியவர்களில் அப்போது இருபது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபது தாண்டியிருக்கும். அவர்கள் நெஞ்சில் எதைச் சுமந்து வந்தார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் பதிவில்லை. எக்ஸ்ரேயில் தெரியலாம், எடுத்தால்.

எடுப்பார்களா என்பதுதான் கேள்வி. பாடப்புத்தகக் காசநோய் நமக்குத் தெரியும்: இரண்டு கிழமைக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, சளியில் இரத்தம். பழைய தமிழ்ப் படங்களில் கதாநாயகன் கைக்குட்டையில் பார்க்கிற அதே இரத்தம். வயதானவர்களுக்கு இது பல நேரம் அப்படி வராது. காய்ச்சல் இருக்காது. இரத்தம் இருக்காது. சாப்பாடு இறங்காது, உடம்பு மெலியும், எந்நேரமும் படுக்கணும் போல இருக்கும், சில பேருக்குப் பேச்சுத் தடுமாறும். எக்ஸ்ரேயில்கூட வழக்கமாகத் தெரிகிற மேற்பகுதியில் இல்லாமல் கீழே தெரியலாம், நியூமோனியா என்று நினைத்துவிடலாம். சளி எடுத்துக் கொடு என்றால் காறித் துப்ப உடம்பில் சக்தி இருக்காது, எச்சில்தான் வரும். எச்சிலில் கிருமி தெரியாது. 'இல்லை' என்று முடிவு வரும்.

அதோடு எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் கையிலேயே இருக்கு. இருமலா? சுருட்டுக் குடிச்சவர்தானே. மூச்சு வாங்குதா? தொய்வு, குளிர் காலம். மெலிஞ்சிட்டாரா? வயசு. இதை வீட்டிலும் சொல்கிறோம், டிஸ்பென்சரியிலும் சொல்கிறார்கள், ஆஸ்பத்திரியிலும் சொல்கிறார்கள். வயசு என்பது ஒரு நோயின் பெயர் மாதிரி ஆகிவிட்டது. அதற்கு மருந்து இருமல் பாணி.

இருமல் பாணிக்கு ஒரு சரித்திரம் இருக்கு. 1963இல் கர்நாடகத்துத் தும்கூர் மாவட்டத்தில் தேபபர் பானர்ஜி, ஸ்டிக் ஆண்டர்சன் இருவரும் செய்த ஓர் ஆய்வு வெளியானது. பெங்களூரில் 1959இல் தொடங்கிய தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். கிராமத்துச் சனங்களுக்கு நோயைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால்தான் வருவதில்லை என்று அப்போது எல்லாரும் நம்பினார்கள். ஆய்வு தலைகீழாகச் சொன்னது. நோய் இருந்தவர்களில் பெரும்பாலானோர் தங்கள் அறிகுறிகளை உணர்ந்திருந்தார்கள், கவலைப்பட்டார்கள், பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே வைத்தியம் தேடிப் போயிருந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஒரு போத்தல் இருமல் மருந்து. சளியை யாரும் சோதிக்கவில்லை. தாமதம் நோயாளியிடம் தொடங்கவில்லை, கவுண்டருக்கு அந்தப் பக்கம்தான் தொடங்கியது. அந்த அறிவு 1962இல் தொடங்கிய இந்தியத் தேசியத் திட்டத்துக்கே அடிப்படையானது: ஊர் ஊராக வண்டியில் தேடிப் போவதை விட, ஏற்கெனவே இருமலோடு ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்கிறவரின் சளியைச் சோதி. அறுபது வருசம் ஆச்சு. இப்ப சொல்லுங்க, 'விழிப்புணர்வு இல்லை' என்று யாருக்குச் சொல்லணும்?

இன்னொரு சாக்கும் ஒரு காலத்தில் இருந்தது. கண்டுபிடித்து என்ன செய்வது, கிழவனைக் கொண்டுபோய் எங்கே படுக்க வைப்பது? காசநோய் என்றால் சானட்டோரியம், நல்ல காற்று, மாதக்கணக்கில் கட்டில். அதை உடைத்ததும் நம்ம பக்கத்து ஊர்தான். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் திறந்தார்கள். பாதி நோயாளரைச் சானட்டோரியத்தில் வைத்தார்கள், பாதிப் பேரை நெருக்கடியான அவர்களுடைய சொந்த வீட்டிலேயே விட்டு மருந்து கொடுத்தார்கள். 1959இல் வெளிவந்த முடிவு: குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை, வீட்டில் இருந்தவரால் குடும்பத்துக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. மருந்து தொடங்கினால் தொற்றும் தன்மை வேகமாகக் குறைந்துவிடுகிறது. உலகம் முழுக்கச் சானட்டோரியங்கள் மூடப்பட்டதற்கு இது ஒரு பெரிய காரணம். இன்றைக்கு ஆறு மாத மருந்து, இலங்கையில் முழுக்க இலவசம். காம்பராவில் இருந்துகொண்டே குணமாகலாம். அப்படியானால் மிச்சம் இருக்கிற வேலை ஒன்றுதான், கண்டுபிடிப்பது.

அந்த வேலை யாருடையது? இங்கேதான் முகாமைத்துவம் என்ற சொல் வருகிறது, கொஞ்சம் அலுப்பாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்க. தோட்ட டிஸ்பென்சரி கம்பனியுடையது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனபோது அதுவும் கூடப் போனது. அங்கே இருக்கிற மருத்துவ உதவியாளரை நம்ம ஆட்கள் 'டாக்டரையா' என்று கூப்பிட்டாலும், பல இடங்களில் அவர் பட்டம் பெற்ற வைத்தியர் இல்லை. கொஸ்லந்தை மாதிரிப் பிரதேச ஆஸ்பத்திரி 1987க்குப் பிறகு வந்த மாகாண சபை முறையின் கீழ் ஊவா மாகாணத்துடையது. காசநோய்த் திட்டமோ மத்திய அமைச்சுடையது, மாவட்டத்துக்கு ஒரு மார்பு நோய் சிகிச்சை நிலையம், நமக்குப் பதுளையில். மூன்று வாசல், மூன்று கணக்குப் புத்தகம். ஒரு சில தோட்ட ஆஸ்பத்திரிகளை 1990களுக்குப் பிறகு அரசு பொறுப்பேற்றது, பல அப்படியே நின்றன. நோயாளி மட்டும் மூன்றுக்கும் இடையில் நடக்கிறார்.

நடக்கிறார் என்பதைச் சும்மா சொல்லவில்லை. ஒரு பொதுவான வழியைப் பாருங்க, தனி ஒரு ஆளின் கதை இல்லை இது. முதல் இரண்டு மாதம் டிஸ்பென்சரிப் பாணி. பிறகு கொஸ்லந்தை. அங்கிருந்து 'எக்ஸ்ரே எடுங்க, பதுளைக்குப் போங்க' என்று ஒரு துண்டு. பெரகலை ஏறி, ஹப்புத்தளை, பண்டாரவளை தாண்டிப் பதுளை. ஓட்டோ, பஸ், மறுபடி பஸ். தனியாக அனுப்ப முடியாத ஆள், அதனால் மகளுக்கோ மருமகளுக்கோ ஒரு பேர் போகும். அங்கே எல்லாம் சிங்களத்தில். 'மறுபடி அடுத்த கிழமை வாங்க' என்றால் இன்னொரு பேர் போகும். 'எனக்கு ஒண்ணுமில்ல, நீ வேலைக்குப் போ' என்று சொல்லப் போவது யார்? கிழவிதான். அதை அறியாமை என்று எழுதிவிட்டுப் போகலாம். எனக்கு அது கணக்குப் பார்த்துச் சொன்ன வார்த்தையாகத்தான் தெரியுது.

துண்டு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருது. பழைய காலத்தில் ஒரு தொழிலாளி தோட்டம் மாறப் போனால், அவன் கடன் இவ்வளவு, கட்டினால் விடுகிறேன் என்று துரை எழுதித் தரும் தாளுக்கும் 'துண்டு' என்றுதான் பேர். அந்தத் துண்டு முறையை 1921இல் ஒழித்தார்கள். சொல் மட்டும் ஆஸ்பத்திரித் துண்டாக நம்ம வாயில் நின்றுவிட்டது.

தோட்டங்களில் சுகாதாரம் ஒன்றுமே முன்னேறவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. சிசு மரணம் எவ்வளவோ குறைந்திருக்கிறது. பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது. பிள்ளைக்காம்பராவில் நிறை பார்க்கிறார்கள், தடுப்பூசி தப்புவதில்லை. எப்படி நடந்தது? கர்ப்பிணிக்கு ஒரு அட்டை, பிள்ளைக்கு ஒரு அட்டை, ஒவ்வொரு பேரையும் தேடி வர ஒரு மருத்துவமாது. வராவிட்டால் லயத்துக்கே வருவார். எண்ணத் தொடங்கியதும் காப்பாற்ற முடிந்தது. எழுபது வயதுக்கு அப்படி அட்டை இல்லை. சீனி, பிரசர் பார்க்க 2011இல் அரசு தொடங்கிய சுகவாழ்வு நிலையங்கள்கூடத் தொடக்கத்தில் 40 முதல் 65 வயதுக்காரருக்கு என்றுதான் வந்தன.

கோவிட்டுக்கு முந்தைய வருசங்களில் இலங்கையில் ஆண்டுக்கு 8,000 முதல் 9,000 வரை காசநோயாளர் பதிவானார்கள். உண்மையில் 14,000 அளவில் இருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இடைவெளியில் நிற்கிற ஆயிரக்கணக்கானோர் எங்கே என்று தேடினால், பாணி குடித்துக்கொண்டிருக்கிற பெரியவர்கள் பக்கமும் பார்க்கத்தான் வேண்டும்.

தாமதத்தின் விலையை அவர் மட்டும் கொடுப்பதில்லை. தாய் கொழுந்துக்குப் போனால் பேரப்பிள்ளை யார் மடியில்? அதே காம்பராவில், அதே புகையில், இருமுகிற தாத்தாவின் மடியில். பி.சி.ஜி. ஊசி சிறு பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் மாதிரியான கொடிய வகைகளில் இருந்து பெருமளவு காக்கும், எல்லாவற்றிலும் இருந்து காக்காது. சில வீடுகளில் வரிசை தலைகீழாக நடக்கிறது: முதலில் பிள்ளைக்கு நோய் தெரிகிறது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டில் மற்றவர்களைச் சோதிக்க வருகிறார், அப்போதுதான் மூலையில் படுத்திருக்கிறவரைப் பார்க்கிறார். பிள்ளைக்கு அட்டை இருந்ததால் கிழவர் கண்டுபிடிக்கப்படுகிறார்.

மீரியபெத்தவில் தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும், பிறகு மாக்கல்தெனிய பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் இருந்தார்கள். பூனாகலைப் பக்கம் 75 வீடுகள் கைக்கு வர 2016 ஆச்சு. இரண்டு வருசம் ஒரே கூரைக்குக் கீழே, மறைப்புக் கட்டிய அறைகளில் எல்லா வயதுக்காரரும். இப்போது இருப்பது தனி வீடு, சன்னல் இருக்கு. நுரையீரலுக்கு அது சின்ன விசயம் இல்லை. ஆனால் அந்த வீட்டில் இருந்து சளிப் போத்தல் போக வேண்டிய தூரம் குறையவில்லை. சளியில் கிருமியை இரண்டு மணி நேரத்தில் காட்டும் ஜீன்எக்ஸ்பேர்ட் இயந்திரத்தை உலக சுகாதார நிறுவனம் 2010இலேயே பரிந்துரைத்தது, இலங்கையிலும் அது இருக்கு. தோட்டத்துக்கு வாரம் ஒரு நாள் ஒருவர் வந்து போத்தலை வாங்கிக்கொண்டு போனால் போதும். ஆள் பஸ் ஏறத் தேவையில்லை, போத்தல் ஏறினால் போதும். பேர் போகாது. கம்பனி, மாகாணம், மத்தி மூன்றும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் முடியக்கூடிய ஏற்பாடு இது என்பது என் அபிப்பிராயம்.

அதுவரை, இதை வாசிக்கிற உங்க வீட்டில் ஒருவர் இரண்டு கிழமைக்கு மேல் இருமினால், அல்லது இருமாமலே மெலிந்துகொண்டு போனால், கூடப் போங்க. கவுண்டரில் 'இருமல்' என்று மட்டும் சொன்னால் பாணிதான் வரும். 'எத்தனை நாளா' என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்க, எவ்வளவு மெலிந்திருக்கிறார் என்றும் சொல்லுங்க, சீனி இருந்தால் அதையும் சொல்லுங்க, 'சளி டெஸ்ட் பண்ணணும்' என்று வாய் திறந்து கேளுங்க. முடியாது என்றால் மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்கு நேராகவே போகலாம், துண்டு கட்டாயமில்லை. போத்தல் கொடுத்தால் காலையில் எழும்பின உடனே, வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, வெளியே திறந்த இடத்தில் நின்று, இரண்டு தரம் ஆழமாக மூச்சிழுத்து நெஞ்சிலிருந்து காறித் துப்பச் சொல்லுங்க. அவருக்குச் சக்தி போதாவிட்டால் முதுகைத் தடவிக்கொடுத்துக் கொஞ்ச நேரம் காத்திருங்க. எச்சில் மட்டும் வந்தால் அன்றைக்குக் கொண்டுபோகாதீங்க, மறுநாள் காலையில் இன்னொரு தரம்.